சிறு குண்டா, பெருங்குண்டா?

நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தை அடுத்துப் பழைய இடுகாடு ஒன்று உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் கல்லறை அங்கே இருக்கிறது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் கணக்குச் சொல்வர். 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார். பின்னர் அவருடைய கல்லறைமீதும் இடி விழுந்ததென்று மலைநாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. யானைகளின் சாபம் என்று அதை முடித்து வைப்பார்கள் முதியவர்கள்.

அவருக்குப் பின் 1848-இல் நுவரெலியாவிற்குக் குடியேற வந்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் தோற்றுவாய்களைத் தேடிச் சென்று புகழ் பெற்றவர் இவரே. பேக்கரிடம் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் செய்து கொடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் எடை இருபத்தொரு இறாத்தல்; குழலின் நீளம் மூன்றடி; அது உமிழ்ந்த ஈயக்குண்டின் எடை மூன்று அவுன்சு. அந்நாளைய வேட்டைக்காரர் பலர் அவ்வளவு பெரிய ஆயுதம் வேண்டியதில்லை என்றனர். பேக்கரோ, குண்டு பெரிதாக வேண்டும், மருந்தும் மிகுதியாக வேண்டும் என்று வாதாடி நூலே எழுதினார். சிறு குண்டா, பெருங்குண்டா என்ற வழக்கு நம் மலைகளில் தொடங்கியது அப்போதுதான் என்று கொள்ளலாம்.

யானை மறைந்தது, காடு காப்பித் தோட்டமாயிற்று, காப்பி நோயுற்று அழிந்து தேயிலை வந்தது. வழக்கு மட்டும் தீரவில்லை. இருபத்தொரு இறாத்தல் துப்பாக்கியிலிருந்து இறங்கி, துரைமாரின் கோட்டுப் பைக்குள் அது புகுந்து கொண்டது.

அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவரை அறிவேன். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரிய துரையின் மேசை இழுப்பறையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தனவாம். ஒன்று, முன்பிருந்த துரை விட்டுச் சென்ற பெரிய வெப்லிச் சுழல்துப்பாக்கி. மற்றது, உள்ளங்கையில் அடங்கும் சிறிய தானியங்கி. சம்பளத்துக்கு முந்திய நாள் வங்கியிலிருந்து பணப்பெட்டி வரும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பயம். அன்று எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்வது என்று துரை சற்று நேரம் யோசிப்பாராம். "பெரியது மேசைக்கு, சின்னது பைக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார், தம்பி. ஆனால் மழை பலமாக இருந்தால் பெரியதைத்தான் எடுப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை" என்றார் அன்பர்.

அவர் கேளாத கேள்விக்கு விடை தேடப் புகுந்ததுதான் இக்கட்டுரை.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் 'கலிபர்' என்பர். பேக்கர் காலத்தில் அதை அளந்த முறையே வேறு. ஓர் இறாத்தல் ஈயத்தில் அக்குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாமோ, அதுவே குழலின் எண். பன்னிரண்டு உருண்டை வார்த்தால் பன்னிரண்டாம் எண் துவக்கு. காட்டுப்பன்றியை விரட்டத் தோட்டங்களில் வைத்திருந்தது பெரும்பாலும் இதுதான். இம்முறையில் எண் ஏற ஏற விட்டம் குறையும். கைத்துப்பாக்கிகளுக்கோ அங்குலத்தின் பின்னமே வழக்கமாயிற்று. .455 எனில் ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீற்றர். .32 எனில் ஐரோப்பியர் கணக்கில் 7.65 மில்லிமீற்றர்.

ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பிவிடலாகாது. .38 என்று பெயர் பெற்ற அமெரிக்கத் தோட்டாவின் குண்டை அளந்து பார்த்தால் .357 அங்குலந்தான் இருக்கும். முற்காலத்தில் குண்டு, பித்தளைக் கூட்டின் வெளிவிட்டத்தோடு ஒத்திருந்தது. பின்னர் அதைக் கூட்டுக்குள்ளே செருகும்படி சிறிதாக்கினர். பெயரை மட்டும் மாற்றவில்லை. .380 என்பதும் ஒன்பது மில்லிமீற்றர் என்பதும் ஏறத்தாழ ஒரே விட்டம். முன்னதன் கூடு பதினேழு மில்லிமீற்றர் நீளம், பின்னதன் கூடு பத்தொன்பது. இந்த இரண்டு மில்லிமீற்றரிலும் அதற்குள் அடங்கும் மருந்தின் அழுத்தத்திலுமே வலிமையின் வேறுபாடு முழுவதும் இருக்கின்றது. விட்டத்தை மட்டும் கேட்டுத் துப்பாக்கி வாங்குவது, பானையின் வாயை மட்டும் அளந்து அரிசி வாங்குவது போன்றது.

கையடக்கத் தானியங்கிகளின் வரலாற்றில் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் ஒருவரின் பெயரே திரும்பத் திரும்ப வரும். .32, .25, .380, .45 ஆகிய நான்கு தானியங்கித் தோட்டாக்களையும் வகுத்தவர் அவரே. சிறு குண்டுக் கட்சியும் பெருங்குண்டுக் கட்சியும் ஒருவருடைய பட்டறையிலிருந்தே தத்தம் படைக்கலத்தைப் பெற்றன என்பது வேடிக்கை. அவர் அமைப்பில் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் உலகெங்கும் பரவின. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங்கே.

பெருங்குண்டுக் கட்சியார் எப்பொழுதும் காட்டும் சான்று ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்கள் .38 குண்டுகள் பல பாய்ந்த பின்னும் ஓடி வந்து வெட்டினர் என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். அதன்மேல் 1904-இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிக்காகோ இறைச்சிக் கொட்டில்களில் மாடுகளின்மீதும், அன்றிப் பிணங்களின்மீதும் சுட்டுச் சோதித்து, .45-க்குக் குறைந்த விட்டம் போர்வீரனுக்குத் தகாது என்று தீர்ப்புக் கூறினர். இன்று அந்தச் சோதனைகளைப் படிப்பவருக்கு மாடுகளின்மீது இரக்கம் தோன்றுமேயன்றி முடிவின்மீது நம்பிக்கை தோன்றாது. சுட்டவை சில, சுட்ட இடங்கள் வெவ்வேறு, கணக்கோ ஒழுங்கில்லாதது.

ஆங்கிலேயர் எதிர்த் திசையில் சென்றனர். முதல் உலகப் போரில் அவர்கள் அதிகாரிகள் ஏந்தியது .455 வெப்லி ஆறாம் மாதிரி. ஏறக்குறைய ஒரு கிலோ நூறு கிராம் எடை, பதினோரு அங்குலத்துக்கு மேல் நீளம். போர் முடிந்தபின் ஆராய்ந்து பார்த்ததில், அவசரமாகப் பயிற்றப்பட்ட சாதாரண மனிதனால் இந்தக் கனத்தை நேராகச் சுட இயலவில்லை என்று கண்டனர். எனவே 1932-இல் .38 விட்டமுள்ள என்பீல்டுக்கு மாறினர். தவறிப் போகும் பெருங்குண்டைவிடத் தைக்கும் சிறுகுண்டு மேல் என்பது அதன் தத்துவம். முன்பு படையிலிருந்து பின்பு தோட்டத்துரையாக வந்தவர்கள் இந்த இரண்டு காலத்துப் பழக்கங்களையும் கூடவே கொண்டு வந்தனர். மேசை இழுப்பறையில் கிடந்த வெப்லிக்கு அதுவே பின்னணி.

இனி, பையில் மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு வருவோம். இங்கே கணக்கு மாறுகிறது.

.32 குண்டின் எடை நாலரைக் கிராமுக்குச் சற்று மேல். அது வினாடிக்கு ஏறத்தாழ 275 மீற்றர் வேகத்தில் புறப்படும். ஆற்றல் 170 ஜூலுக்குச் சற்று மேல். .380 குண்டு ஆறு கிராம். ஆற்றல் 250 ஜூல் அளவில். ஒன்பது மில்லிமீற்றர் லூகர் குண்டு எட்டுக் கிராம். வேகம் வினாடிக்கு 350 மீற்றர். ஆற்றல் 490 ஜூலை எட்டும். .45 குண்டின் எடை பதினைந்து கிராம். வேகம் 255 மீற்றர் மட்டுமே. ஆற்றல் அதே 480-ஐ ஒட்டி நிற்கும். மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்: எடையில் பாதி, அதைப் பெருக்கத் திசைவேகத்தின் வர்க்கம். பெரியதும் சிறியதும் ஆற்றலில் சமமாக நிற்பது வேகம் இருமடியாகப் பெருகுவதால் வந்தது.

ஆனால் கை உணர்வது ஆற்றலையன்று, உந்தத்தை. எடையை வேகத்தால் ஒருமுறை பெருக்கினால் .32-க்கு 1.3, .380-க்கு 1.8, ஒன்பது மில்லிமீற்றருக்கு 2.8, .45-க்கு 3.8 என்று வரும். நியூற்றனின் மூன்றாம் விதிப்படி இதே அளவு உந்தம் பின்னோக்கிக் கையில் இறங்க வேண்டும். துப்பாக்கி எடை குறையக் குறைய அது துள்ளும் வேகம் ஏறும். மறைத்து வைக்க வசதியான துப்பாக்கி என்றாலே இலேசான துப்பாக்கி. ஆகவே, பையில் சுகமாக இருப்பது கையில் துன்பமாக இருக்கும். முதற் குண்டு எங்கே சென்றாலும், துள்ளிய துப்பாக்கியை மீண்டும் குறிக்குக் கொண்டுவர எடுக்கும் கணமே இரண்டாங் குண்டின் கதியை நிர்ணயிக்கின்றது. வேதனை தரும் துப்பாக்கியை எவரும் எடுத்துப் பழகமாட்டார்; பழகாதவர் கையில் எந்த விட்டமும் பயன்படாது.

இதற்குள்ளே இயந்திர நுட்பமும் ஒன்று இருக்கின்றது. .32, .380 போன்ற மென்மையான தோட்டாக்களுக்குப் பின்பூட்டு வேண்டியதில்லை. மேலே நகரும் இரும்புச் சறுக்கின் கனமும் வில்லின் எதிர்ப்புமே போதும். அதனால் அமைப்பு எளிது, விலை குறைவு. ஒன்பது மில்லிமீற்றரையும் .45-ஐயும் அப்படிச் செய்தால் சறுக்கு மிகக் கனமாகிவிடும். ஆதலால் குண்டு வெளியேறும்வரை குழலையும் சறுக்கையும் பூட்டி வைக்கும் அமைப்பு தேவைப்படும். நெடுங்காலம் இந்த அமைப்பைக் கையடக்கமாகச் சுருக்க முடியவில்லை. அக்காலத்தில் பைத்துப்பாக்கி என்றால்.32 அல்லது .380 என்றே பொருள். இலண்டன் பொலீஸார் 1911-இல் ஏற்ற வெப்லித் தானியங்கியும் .32-தான். இன்றோ, உலோகக் கலவைகளும் கடின பிளாஸ்திக்கும் வந்தபின், பழைய .32-இன் உருவத்துக்குள்ளேயே ஒன்பது மில்லிமீற்றரை அடக்கிவிடுகிறார்கள்.

மழைநாளில் துரை ஏன் பெரியதை எடுத்தார்? என் ஊகம் இது. உயர்ந்த மலையில், மழையும் பனியும் கலந்த நாளில், வழியில் நிற்கும் மனிதன் எவனும் கம்பளி போர்த்தியிருப்பான். நனைந்த கம்பளியும் அதற்குள் கோட்டும் கடந்து சிறுகுண்டு ஆழச் செல்லுமா என்ற ஐயம் அவருக்கு இருந்திருக்கலாம். அந்த ஐயம் முற்றும் மூடத்தனமன்று. இன்று காவற்படைகள் கையாளும் குழிமுனைக் குண்டு உடலில் பாய்ந்ததும் பூவைப்போல் விரிய வேண்டும். தடித்த துணியைக் கடக்கும்போது நூலும் பஞ்சும் அக்குழியை அடைத்துவிட்டால் அது விரிவதில்லை. குட்டைக் குழலிலிருந்து வேகம் குறைந்து வரும் குண்டுக்கு இந்த இடையூறு இன்னும் அதிகம். அதனாலேயே அமெரிக்கச் சோதனைகளில் கனத்த உடையைக் கடத்திச் சுட்டுப் பார்ப்பதும் ஒரு விதி.

விரியும் குண்டு என்றதும் நம் நாட்டுப் பக்கத்துப் பெயர் ஒன்று நினைவுக்கு வருகின்றது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட குண்டுகள், உலகத்து மொழிகளிலெல்லாம் 'டம்டம்' என்று வசைப்பெயர் பெற்றன. 1899-இல் ஹேக் நகரில் கூடிய அரசுகள், உடலில் விரியும் குண்டுகளைப் போரில் விலக்குவதென்று அறிவித்தன. அந்த விலக்குப் போர்க்களத்துக்கே உரியது. தெருவில் நிற்கும் காவலனுக்கு அது இல்லை. குண்டு ஒருவனைத் துளைத்துப் பின்னே நிற்பவனையும் தாக்கலாகாது என்பதற்காக, போரில் குற்றமாகிய அதே குண்டை நகரில் அவனுக்குக் கொடுக்கின்றனர்.

விட்டத்தைப் பற்றிய வாதம் அண்மைக் காலத்தில் முழுவட்டமாகச் சுற்றி வந்ததை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1986 ஏப்ரல் 11-இல் மயாமி நகரில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வாளருக்கும் கொள்ளையர் இருவருக்கும் நடந்த சண்டையில் புலனாய்வாளர் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையருள் ஒருவன் கையையும் மார்பையும் துளைத்துச் சென்ற ஒன்பது மில்லிமீற்றர்க் குண்டு, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னே நின்றுவிட்டது. அவன் அதன் பின்னும் சுட்டான். விட்டம் போதாது என்று முடிவு செய்து பத்து மில்லிமீற்றருக்குத் தாவினர். அது கைக்கு அடங்காமல் 1990-இல்.40 என்னும் புதிய தோட்டா பிறந்தது. கால் நூற்றாண்டு கழிந்து, குண்டுகளின் அமைப்புத் திருந்தியபின், விட்டங்களுக்கிடையே காயத்தில் பெரிய வேற்றுமை காணோம் என்றும், சுடுவோர் நன்றாகக் குறி தைப்பது சிறியதில்தான் என்றும் சொல்லி, ஒன்பது மில்லிமீற்றருக்கே மீண்டனர். அந்த ஓர் அங்குலத்தினால் அவர்கள் பெற்ற நிலையான பயன் வேறு: குண்டு பன்னிரண்டு முதல் பதினெட்டு அங்குலம்வரை ஆழம் செல்ல வேண்டும் என்ற அளவுகோல்.

நம் நாடுகளின் துயர வரலாற்றையே எடுத்துப் பார்த்தாலும் விட்டத்தின் பெருமை நிலைப்பதில்லை. 1948 ஜனவரி 30-இல் காந்தியடிகளைச் சாய்த்தது இத்தாலிய நாட்டுப் பெறெற்றாவின் .380, சிறுகுண்டு. மூன்று குண்டுகள், மிக அருகிலிருந்து. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. 1959 செப்டெம்பர் 25-இல் கொழும்பில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டது பெரிய வெப்லி ஆறாம் மாதிரி. சிறுகுண்டு நிமிடங்களில் முடித்ததைப் பெருங்குண்டு ஒரு நாள் எடுத்துக்கொண்டது. மறுநாட் காலையிலேதான் அவர் மறைந்தார். எந்த உறுப்பைத் தொட்டது, எவ்வளவு ஆழம் சென்றது என்ற இரண்டுமே விடை. மூன்றாவதாக விட்டத்தைச் சேர்க்க விரும்புவோர் சேர்க்கலாம். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

எதைத் தெரிந்தெடுப்பது என்று யோசிக்கும் உரிமையும் எல்லோருக்கும் இருந்ததில்லை. இலங்கையில் 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி உரிமம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். இந்தியாவிலோ விட்டத்தையே சட்டம் தெரிந்து கொடுக்கின்றது. ஒன்பது மில்லிமீற்றர், .455 போன்ற படை அளவுகள் விலக்கப்பட்டவை, பொதுமகன் பெரும்பாலும்.32-ஓடு அமைய வேண்டியவன். பெண்களின் தற்காப்புக்கென 2014-இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்னும் சுழல்துப்பாக்கி வந்தது; அரைக் கிலோ எடை, .32 விட்டம், விலை ஒரு இலட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். எந்த ஏழைப் பெண்ணின் அச்சத்துக்கு அந்த விலை பொருந்தும் என்று அப்போதே பலர் கேட்டனர்.

நம் தோட்டங்களில் துப்பாக்கியின் மறுமுனையில் நின்றவர்கள் இந்த எண்கள் எதையும் அறியார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி சுடப்பட்டு மாண்டார். 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த ஊர்வலத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் மாண்டார். இரண்டிடத்தும் சுட்டவர் பொலீஸார். துரையின் பைத்துப்பாக்கி அல்ல. ஆயினும் அந்தப் பைத்துப்பாக்கி நாள்தோறும் செய்து வந்த வேலை ஒன்று இருந்தது. அன்பர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, கொழுந்தெடுத்தே முதுமை எய்திய ஓர் அம்மாள் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் பேச்சைச் சிறிது நேரம் கேட்டு நின்றார்.

"சின்னதோ பெரிசோ எங்களுக்கு என்னங்கையா தெரியும்? பெரட்டுக்களத்துல துரை வந்து நிக்கிறப்ப, கோட்டுல ஒரு பக்கம் தொங்குனா அன்னைக்கு யாரும் வாய் தொறக்க மாட்டோம்" என்றார்.

மறைத்து வைப்பதற்கென்றே செய்த ஆயுதத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஒரு கிலோ நூறு கிராம் இரும்பை எந்தத் தையற்காரனாலும் மறைக்க இயலாது. ஐந்நூற்றைம்பது கிராம் எடையுள்ள சிறு தானியங்கியோ கோட்டைத் தொங்கவிடாது. துரைக்கு எது தேவைப்பட்டது, மறைவா, தொங்குவது தெரிவதா என்பதை அவரே அறிவார். மழை என் ஊகம் மட்டுமே.

கம்பனித் தோட்டங்களை 1975-இல் அரசு ஏற்றபோது பங்களாவிலிருந்த பொருள்களுக்கு அட்டவணை எழுதியவர் இதே அன்பர்தான். நாற்காலிகள், பீங்கான், பியானோ ஒன்று, மான்கொம்புகள். மேசை இழுப்பறையைத் திறந்தபோது இரண்டு துப்பாக்கிகளும் இல்லை. உரிமத்தோடு துரை கொண்டுசென்றாரோ, பொலீஸில் ஒப்படைத்தாரோ, அட்டவணையில் அதற்கு இடமில்லை. பின்மூலையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி கிடந்தது.

"ஆறு தோட்டா, தம்பி. பச்சைக் களிம்பு ஏறிப் போயிருந்தது. என்ன அளவு என்று எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அளவு எழுதும் இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, 'தோட்டா ஆறு' என்று மட்டும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்."